வரப்பு மறிக்கும் நாள்

புளியங்கண்மாய்ப்பட்டி,
மேலூர் வழி.
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தமிழ்மாறன் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் மச்சானும் பவதாரிணியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் நான் ‘ம்’ மட்டும்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டு ஒரு கட்டு இன்லேண்டு லெட்டரை என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அதில் முதலாவது இது. நீ சொன்னதும் வாஸ்தவம்தான். ஒரே அறை வீடு. போனை எடுத்தால் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ‘ம்’ தவிர என்ன சொல்ல முடியும்?

மாடு இரண்டையும் விற்றுவிட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு இனிமேல் புல் அறுப்பது ஆகாது. அப்பா அந்த வயலை வாங்கிய நாளிலிருந்து அது மாட்டுப்புல்லைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அவரும் போய் வருடம் இரண்டாகப் போகிறது. இந்த ஆவணியில் நெல் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவாடா? நம்ம வயல்லயா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். வயசுக்கு வந்த நாள் முதல் அடுத்தவர் வயலில் நட்டவள். இந்தப் போகம் எப்படியாவது விளைந்து, அவள் சொந்த நெல்லில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும் அக்கா. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

நாற்று விட்டு நடப்போவதில்லை. உழவும் கிடையாது. புல்லுக்கு மருந்து அடித்துச் சாகவைத்துவிட்டு, டிராக்டரில் பூட்டுகிற விதைப்பு மெஷினை அதன் மேலேயே ஓட்டிவிடுவது. அது மண்ணைக் கீறிக் கீறி விதையை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். வீடியோவில் பார்த்தேன். இத்தனை வருடம் புல்லும் சாணியுமாகக் கிடந்த மண்ணைக் கிளறாமல் விட்டால்தான் நல்லதாம். நடவுக்கு ஆள் கிடைப்பதும் இப்போது கஷ்டம்தானே.

பவதாரிணிக்கு என் முத்தம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
மாறன்


திருநகர், மதுரை.
ஜூலை 28

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லோரும் சௌக்கியம். பவதாரிணிக்கு மட்டும் சளி. உன் கடிதத்தை உன் மச்சான் வாங்கி வாசித்துவிட்டு, "ஒரு வருசம் இவன் போன்ல பேசுனதக் கூட்டுனாலும் இம்புட்டு வராதே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நெல் போடுவது சந்தோஷம். ஆனால் புல்லுத் தூர் ஒவ்வொன்றும் அண்டா அகலம் இருக்குமே! மருந்து அடித்தால் மேலே காய்ந்துவிடும், அடியில் செத்ததா என்று தோண்டிப் பார்த்துக்கொள். அவசரப்படாதே. நீ பரீட்சைக்கே பேனா இல்லாமல் ஓடியவன்.

இன்னொன்று. நடவுக்கு ஆள் கிடைக்காது என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கு? நம் சுந்தரம்மாள் அத்தையின் நடவு செட்டு என்ன ஆயிற்று? மேலூரைச் சுற்றி அவர்கள்தானே இன்றைக்கும் நடுகிறார்கள். அப்பாவின் கூடப்பிறந்தவள் நம் வயலுக்கு வரமாட்டேன் என்றா சொல்லப்போகிறாள்?

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து இங்கேயே பத்து நாள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இந்த மாதம் பள்ளியில் வேலை அதிகம். அடுத்த மாதம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் சாப்பிடாமல் வயலுக்குப் போகாதே.

உன் அக்கா,
முத்துமீனா


புளியங்கண்மாய்ப்பட்டி,
ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு இருவரும் நலமே. பவதாரிணிக்குச் சளி விட்டதா? அம்மா தூதுவளை பறித்துக் காய வைத்திருக்கிறாள். யாராவது மதுரைக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று விதைத்தாகிவிட்டது. விடிந்தும் விடியாமல் நல்லகாமன் டிராக்டரோடு வந்துவிட்டான். அவனை அந்த நேரத்துக்கு வரச்சொன்னது நான்தான். டீக்கடையில் பால் காயுமுன் பாதி வயல் முடிந்துவிட்டது. மருந்து அடித்து இரண்டு வாரத்தில் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. நல்லகாமன் இறங்கி ஒரு தூரைக் காலால் எத்திப் பார்த்தான். "அண்ணே, அடி வேரு இன்னும் பிடிமானமா இருக்குண்ணே. ரெண்டு ஒழவு ஓட்டிட்டுப் போடுவோமா? ஒரு வாரம்தான் தள்ளும்" என்றான். வேண்டாம் என்றேன். ஊர் எழுந்து வரப்புக்கு வருவதற்குள் முடிந்தால் நல்லது என்று பட்டது.

அம்மா கேட்டாள், "அம்புட்டுத்தானா? முடிஞ்சுபோச்சா?" என்று. முடிந்தது என்றேன். கொஞ்ச நேரம் வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம்தான் போல. மழை வர வேண்டும். வானம் கருத்துக் கருத்துப் போகிறது. இரவுக்குப் பெய்துவிடும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மாறன்


திருநகர், மதுரை.
செப்டம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். சளி விட்டுவிட்டது. நேற்று இங்கே நல்ல மழை. திருப்பரங்குன்றம் மலையே தெரியவில்லை. அங்கேயும் பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் விதை நனைந்திருக்கும் அல்லவா?

விதைத்தாயிற்று என்றதும் எனக்கு அம்மாவின் குலவைதான் ஞாபகம் வந்தது. அவள் குலவை போட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள். மெஷினுக்குக் குலவை போட்டாளா? போட்டிருந்தால் நல்லகாமன் டிராக்டரை வரப்பில் ஏற்றியிருப்பான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை, கவனித்தாயா? அத்தையை ஏன் கூப்பிடவில்லை? விடியுமுன் ஏன் விதைத்தாய்? திருட்டு மணலா அள்ளுகிறாய்? கோபத்தில் கேட்கவில்லை. சும்மாதான் கேட்கிறேன். எழுது.

அம்மா கண் விஷயம் ஞாபகத்தில் இருக்கிறது. வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. முடியட்டும்.

அக்கா,
முத்துமீனா


புளியங்கண்மாய்ப்பட்டி,
செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். மழை பெய்தது. விதை முளைத்திருக்கிறது. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் இன்னும் சில நாளில் விடுவார்கள் என்கிறார்கள். வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

மாறன்


திருநகர், மதுரை.
அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? அதை முதலில் எழுது. இங்கே நாங்கள் சுகம். பிறகு விரிவாக எழுதுகிறேன் என்றாய். விரிவு இன்னும் மதுரைக்கு பஸ் ஏறவில்லை போலிருக்கிறது. போன் செய்தால் மறுபடியும் ‘ம்’.

நேற்று அம்மாவிடம் பேசினேன். பயிர் எப்படியம்மா இருக்கிறது என்றேன். "பச்சப் பசேல்னு இருக்குத்தா" என்றாள். உயரம் எம்புட்டு என்றேன். "அது கெடக்கு, பாக்க முளைப்பாரி மாதிரி அம்புட்டு அழகா இருக்கு" என்றாள். மாறா, நானும் முளைப்பாரி சுமந்தவள்தான். சட்டியை இருட்டு வீட்டுக்குள் மூடி வைத்து வளர்ப்பதால்தான் முளைப்பாரி வெளிர் மஞ்சளாக வரும், அதுதான் அதற்கு அழகு. வெட்டவெளியில் வெயிலில் நிற்கிற நெல் முளைப்பாரி மாதிரி இருந்தால் அது பயிரா? அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. உனக்கு உண்மை சொல்ல வரவில்லை.

சுந்தரம்மாள் அத்தையும் போன் செய்தாள். பேத்திக்கு இங்கே பள்ளியில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தவள், வைக்கப்போகும்போது கேட்டாள்: "ஏத்தா, ஒந்தம்பிக்கு எங்க கையிச் சேறு அசிங்கமாப் போச்சா? விடியறதுக்குள்ள மெசின விட்டு வெதச்சிருக்கான். நாங்க வந்துருவோம்னு பயமா?" அவள் அழவில்லை. ஆனால் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

வயல் எப்படி இருக்கிறது? அத்தையை ஏன் கூப்பிடவில்லை? இரண்டுக்கும் பதில் வேண்டும். ஒளிக்காதே.

அக்கா,
முத்துமீனா


புளியங்கண்மாய்ப்பட்டி,
அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் முழங்கால் வலி தவிர ஒன்றுமில்லை. இன்லேண்டு போதாது என்று வெள்ளைத்தாள் வாங்கிவந்து எழுதுகிறேன்.

வயல் கெட்டுவிட்டது அக்கா.

புல்லுத் தூர் இருந்த இடத்திலெல்லாம் மெஷினின் கொழு ஏறித் தாவிப் போயிருக்கிறது. அங்கே விதை மண்ணுக்குள் இறங்கவே இல்லை. மேலே கிடந்ததை மைனாவும் எறும்பும் தின்றுவிட்டன. இறங்கிய இடத்திலும் வேர்ப்பின்னலால் கீறிய கோடு மூடவில்லை, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று நான் நினைத்த தூரெல்லாம் முதல் மழைக்கே குருத்து விட்டுவிட்டது. இப்போது நெல்லைவிடப் புல்தான் உயரம். தப்பி முளைத்த பயிரும் மஞ்சள். யூரியா போட்டேன், நிறம் மாறவில்லை. வேளாண்மை ஆபீசில் கேட்டதற்கு, செத்த வேர் அவ்வளவும் மண்ணுக்குள் மக்கும்போது போடுகிற சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது என்றார்கள். பிடுங்கிப் பார்த்தால் வேரில் வெள்ளைப் புழு. புல்லை உழுது புரட்டி, வெயிலில் காயவிட்டு, மக்கவிட்டுப் போட்டிருந்தால் இதில் பாதி வந்திருக்காது. நல்லகாமன் ஒரு வாரம்தான் கேட்டான்.

டீக்கடையில் அப்பா பெயரை இழுத்து என் காதுபடவே பேசுகிறார்கள். "சோல மகன் வயல்ல முளைப்பாரி போட்டுருக்கான், மாப்ள, எப்ப திருவிழா?" நானும் சிரித்துவிட்டு கிளாசை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் அத்தையைப் பார்த்தேன். நான் கும்பிட்டேன். அவள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்கிறாய். உழுது தண்ணீர் கட்டினால் ஊருக்குத் தெரியும். கூப்பிடாமலேயே அத்தை செட்டு வந்து இறங்கிவிடும். அப்புறம் நான் வரப்பில் நிற்க வேண்டும். அத்தையும் சித்தியும் சேற்றில் குனிந்து நட, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று ‘இங்கே நெருக்கி நடு, அங்கே தள்ளி நடு’ என்று சொல்ல வேண்டும். என்னால் முடியாது. அவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமில்லை அக்கா. அவர்கள் முன்னால் நான் அப்படி நிற்பதுதான் வெட்கம்.

ஒன்று உனக்குச் சொன்னதே இல்லை. நான் ஆறாவது படிக்கும்போது முதலாளி வீட்டுப் பையனோடு ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் வரப்பில் போகும்போது நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சேறும் சகதியுமாக ஏறிவந்து மறித்துக்கொண்டார்கள். முன்னால் வந்தது அம்மா. ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்து, "சின்ன மொதலாளி, நட்டவுகளுக்கு என்ன தாரீக?" என்றாள். அவனும் என் வயசுதான். டவுசர் பையிலிருந்து காசு எடுத்து முடிமேல் போட்டான். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குலவை போட்டாள். அவன் காலும் என் காலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அன்று முழுக்க நான் தலை நிமிரவில்லை.

அந்த வயலைத்தான் அப்பா வாங்கினார். அந்த வரப்பில்தான் நான் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் யாராவது முடியை வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் மெஷின். அதனால்தான் விடியுமுன். அந்த அவசரம்தான் வயலைக் கெடுத்தது. அம்மாவுக்கு ஒரு வாய் சொந்தச் சோறு கொடுக்க நினைத்தேன். அதுவும் போயிற்று.

இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

மாறன்


திருநகர், மதுரை.
அக்டோபர் 16

என் தம்பி மாறனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பள்ளிக்கூடத்துக் கழிவறையில் நின்று வாசித்து அழுதேன். அழுது முடித்தபிறகு உன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

நீ நின்ற இடத்திலிருந்து உனக்குக் கால்தான் தெரிந்திருக்கிறது. நடவு நடந்தால் வரப்பு நட்டவர்களுடையது மாறா. அவர்கள் மறித்தால் எப்பேர்ப்பட்ட முதலாளியும் தாண்டிப் போக முடியாது. போலீஸ்காரரையே மறித்திருக்கிறாள் அத்தை. அதைப் பிச்சை என்று நீயாக நினைத்துக்கொண்டாய். அன்று அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்டதில்லை. கேள். இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டு.

அப்பா ஏன் புல் போட்டார் தெரியுமா? வயலை வாங்கிய வாரம் டீக்கடையில் ஒருவர், "நடத் தெரிஞ்சா போதுமா, வெளைய வைக்கத் தெரியணும்ல" என்றாராம். நெல் போட்டுப் பொய்த்தால் ஊர் சிரிக்கும், புல் போட்டால் எவனும் வாயைத் திறக்க முடியாது என்று போட்டவர் அப்படியே விட்டுவிட்டார். நீ மெஷினை விட்டாய். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறீர்கள்.

நான் மட்டும் யோக்கியம் என்று நினைக்காதே. இங்கே ஸ்டாஃப் ரூமில் ‘உங்க அம்மா என்ன பண்றாங்க’ என்று கேட்டால் ‘விவசாயம்’ என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். பள்ளியில் வேலை, வீட்டில் வெள்ளையடிப்பு என்று நான் எழுதியதெல்லாம் சும்மா. அம்மா இங்கே வந்தால் பக்கத்து வீட்டு டீச்சரோடு வாசலில் உட்கார்ந்து எந்தெந்த வயலில் நட்டேன் என்று கணக்குச் சொல்வாளே, அதற்குத்தான் பயந்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்காதே.

புல்லுத் தூரை ஆள்வைத்து வெட்டி எடு. ஐப்பசி நடவு நடக்கிற நேரம், யாராவது நாற்றங்காலில் நாற்று மிஞ்சும். முளைக்காமல் போக்கு விழுந்த இடத்தில் நட்டுவிட்டால் பாதி வயலாவது தேறும். அதற்குக் கை வேண்டும். யார் கை என்று உனக்கே தெரியும்.

சாப்பிடு. தூங்கு.

அக்கா


புளியங்கண்மாய்ப்பட்டி,
அக்டோபர் 21

அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை விடக்கூடாது என்று உத்தரவு. - மாறன்

ஏத்தா முத்துமீனா, நல்லா இருக்கியா? பேத்தி நல்லா இருக்காளா? மாப்ளைக்கு வெங்காயம் சேரலன்னியே, இப்பச் சேருதா? நான் நல்லா இருக்கேன். முட்டி மட்டும் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது.

இத எழுதுறவன் மொகம் தொங்கிப்போய்க் கெடக்கு. எழுதுறா, அதையும் எழுது. நீ போட்ட காயிதத்த வாசிச்சான். நடுவுல ஒரு எடத்துல நிறுத்திட்டுப் போயித் தண்ணி குடிச்சிட்டு வந்தான். எதையோ தாண்டிட்டான்னு தெரியும். நான் கேக்கல.

பச்சப் பசேல்னு ஒங்கிட்டச் சொன்னது பொய்தான். புள்ள ராத்திரி சோத்தப் பிசைஞ்சுட்டு அப்படியே உக்காந்துருந்தான். அதப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்ல.

அந்தச் சின்ன மொதலாளி முன்னாடி முடி வச்சப்ப கூச்சமா இருந்துச்சாம்மான்னு கேட்டான். இருந்துச்சு. இல்லாமப் போகுமா? முடிய வச்சதுக்கப்புறம்தான் இவன் பக்கத்துல நிக்கிறதப் பாத்தேன். எம் மொகம் மாறுனா இவன் மொகமும் மாறிரும்னுதான் பெருசாச் சிரிச்சேன். அதத்தான் இம்புட்டு நாளா நெஞ்சுல வச்சுருக்கான் பைத்தியக்காரன். எழுதுறா.

ஆனா ஒண்ணு கேட்டுக்க. எத்தன வரப்புல மறிச்சிருப்பேன், அத்தன வரப்புலயும் நெனச்சுக்குவேன், ஒரு நாளைக்கு நம்ம வயல்ல நட்டு, நம்ம வரப்புல நம்ம புள்ளைய மறிக்கணும்னு. வயலு வாங்குன அன்னைக்கே ஒங்கப்பங்கிட்டச் சொன்னேன். அந்த மனுசன் புல்லப் போட்டாரு. இவன் நெல்லு போடுறேன்னதும் இந்தா வந்துருச்சுன்னு நெனச்சேன். காலைல போயிப் பாத்தா மெசினு வீட்டுக்குக் கெளம்புது. நெல்லு நெல்லுன்னு தவிக்கிறான். எனக்கு நெல்லு வேணும்னு யாருடா சொன்னா? அரிசி ரேசன்லயே குடுக்கான். எனக்கு நடவு வேணும்.

நாளைக்கு இவன் சுந்தரம்மா வாசல்ல போயி நிப்பான். நான் கூடப் போக மாட்டேன். அவ திட்டுனா வாங்கிக்கிறட்டும்.

நீ எம்மேல கண்ணா இருக்கது போதும். ஆஸ்பத்திரிக்கு என்ன அவசரம்? எல்லாம் நல்லாத்தான் தெரியுது.

மலையம்மாள் சொல்ல, மகன் எழுதியது


புளியங்கண்மாய்ப்பட்டி,
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ஏன் வீங்கியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவள் அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிகிறாள்.

அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "மெசின எங்கய்யா?" என்றாள். நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தப்புப் பண்ணிட்டேன் அத்தை. நீங்க குனிஞ்சு நட, நான் வரப்புல நிக்கக் கூசுச்சு" என்றேன். அத்தை கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எங்களுக்குக் கூசல. ஒனக்கு ஏன் கூசுது?" என்றாள். பிறகு, "தூர வெட்டிப் போடு. ஞாயித்துக்கெழம வாரோம்" என்றாள். காபி கொடுக்கவில்லை. ஆனால் போகச் சொல்லவுமில்லை.

தூர் வெட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. கை முழுக்கக் கொப்புளம். அடுத்த கண்மாய்ப் பாசனத்தில் மிஞ்சிய நாற்றை அத்தையே பேசி வாங்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை செட்டோடு வந்து இறங்கினாள். முன்னால் போனது யார் என்று நினைக்கிறாய்? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "விடுறா, இது எம்புட்டு வருசத்து வேல" என்று உதறிவிட்டு இறங்கினாள். மஞ்சள் பயிருக்கு நடுவே போக்கு விழுந்த இடமெல்லாம் பச்சையாக நட்டுக்கொண்டே வந்தார்கள். நான் வரப்பில் நின்றேன். வேறெங்கும் போகவில்லை. டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகத்தான் இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் வரப்பில் ஏறி என்னை மறித்துக்கொண்டார்கள். அம்மா ஒரு நாற்று முடியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் குனிவதற்குள் நான் பிடிக்கப் போனேன். "தொடாத!" என்று அத்தை ஒரு அதட்டுப் போட்டாள். "நீ குனிஞ்சீன்னா அவளுக்கு என்ன மருவாத? நிமுந்து நில்லு." நின்றேன் அக்கா. அம்மா வீங்கிய முழங்காலோடு மெதுவாகக் குனிந்து முடியை என் காலடியில் வைத்தாள். நிமிர்ந்து, "மொதலாளி, நட்டவுகளுக்கு என்ன தாரீக?" என்றாள். நான் கைலியோடு வந்திருந்தேன். சட்டைப் பையில் ஒன்றுமில்லை. அதைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மொதலாளியப் பாத்தீகளா, மறிக்கிற நாள்ல வெறும் பையோட வந்துருக்காரு! காசு வேணாம், நெல்லா வாங்கிக்கிறோம். வெளையலன்னா அடுத்த வருசத்தோட சேத்து வாங்கிக்கிறோம்" என்றாள் அத்தை. அப்புறம் அம்மா குலவை போட்டாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

சின்ன முதலாளி முன்னால் அன்றைக்கு அவள் சிரித்தது வேறு சிரிப்பு. இத்தனை வருடம் எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏனென்றால் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

பாதி வயல்தான் தேறும். அத்தைக்குக் கொடுத்ததுபோக அம்மாவுக்கு ஒரு பானை சோறாவது மிஞ்சும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆவணியில் உழவு, நாற்றங்கால், நடவுதான். வயலில் உனக்கும் பங்கு இருக்கிறது, அதனால் அன்றைக்கு நீயும் வரப்பில் நிற்க வேண்டும், உன்னையும் மறிப்போம் என்கிறாள் அம்மா. அந்தப் பத்தியை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. சத்தியமாக வாசிக்கவில்லை. ஆனாலும் எழுதச் சொல்கிறாள்: "அவ பள்ளிக்கொடத்து டீச்சருகளையும் கூட்டியாரச் சொல்லு. அவுகளையும் மறிக்கணும்."

உன் தம்பி,
மாறன்


திருநகர், மதுரை.
நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்து நான்கு நாளாகக் கைப்பையிலேயே கிடந்தது. இன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் எடுத்தேன். என்ன லெட்டர் டீச்சர் என்றார்கள். கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். ‘மொதலாளி’ என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் வாசித்தேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டு டீச்சர்தான் கடைசியில் கேட்டார், உங்க அம்மா நடவு வேலையா பார்த்தாங்க என்று. ஆமாம், இப்போதும் பார்க்கிறாள் என்றேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவுக்கு இரண்டு சேலை எடுத்து வைக்கச் சொல். இங்கே பத்து நாள் இருக்க வேண்டும். கண்ணையும் காட்டலாம், முழங்காலையும் காட்டலாம். வாசலில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

அக்கா,
முத்துமீனா